கான்வே ஃப்ளாட்டின் சம்சாரி

கிரைஸ்ட்சர்ச்

ஏப்ரல் கடைசி வாரம் நியூசிலாந்தில் இலையுதிர் காலம். ஏவன் ஆற்றங்கரை மரங்களெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன. 25-ஆம் தேதி ஆன்ஸாக் என்ற போர் நினைவு தினம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. நினைவுப் பாலத்தின் வளைவடியில் வைத்திருந்த மலர் வளையங்கள் வாடத் தொடங்கியிருந்தன. முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட இந்தக் கேன்டர்பரிப் பகுதிப் பையன்கள் இந்த இடத்தில் ஆற்றைக் கடந்துதான் ரயிலடிக்குப் போனார்களாம். போனவர்களின் நினைவாக 1924-இல் இந்தக் கல்பாலத்தைக் கட்டினார்கள்.

அக்கா மகன் இங்கே லிங்கன் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிறான். மலை, ஏரி, பனிச்சிகரம் என்று ஊர்சுற்றத்தான் வந்திருந்தேன். அவன்தான் வழியை மாற்றினான். "மாமா, ரெண்டு தடவை விக்டோரியா கிராஸ் வாங்கின ஒரு மிலிட்டரிக்காரர் எங்க காலேஜ்லதான் படிச்சிருக்கார். போர் முடிஞ்சதும் வடக்கே போய் ஆட்டுப் பண்ணை வச்சிருக்கார். அந்த ரோட்டுலயே கைக்கோரா வரைக்கும் போலாமா?" என்றான். கரிசல் மண்ணில் பிறந்தவனுக்கு, பட்டாளத்திலிருந்து திரும்பி விவசாயம் பார்த்த ஒருவரின் ஊரை விட ஏரியும் சிகரமும் பெரிதாகத் தெரியவில்லை. சரி என்றேன்.

அந்த மிலிட்டரிக்காரர், சார்ல்ஸ் அப்ஹாம், பிறந்தது இந்த ஊரில்தான், 1908 செப்டம்பர் 21-ஆம் தேதி. அப்பா வக்கீல். ரோல்ஸ்டன் அவென்யூவில் சாம்பல் நிறக் கல்கட்டடங்களாக நிற்கும் கிரைஸ்ட்ஸ் காலேஜ் என்ற பெரிய பள்ளியில் படித்தார். வக்கீல் வீட்டுப் பையன், நல்ல பள்ளிக்கூடம், கோட்டுப் போட்டுக்கொண்டு போகும் வேலை எதுவும் கிடைத்திருக்கும். அவரோ லிங்கனில் இருந்த விவசாயக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு மலைப் பண்ணைகளில் ஆடு ஓட்டப் போய்விட்டார். குளிரிலும் காற்றிலும் நாய்களோடு நாள் கணக்கில் மலையேறி மந்தையைக் கீழே இறக்கும் வேலை அது. பின்னால் போர்க்களத்தில் அவரிடம் தெரிந்த உடல்வலுவும், நிலத்தின் மேடுபள்ளத்தைப் படிக்கும் கண்ணும் இங்கேதான் வந்திருக்க வேண்டும்.

பேராலயச் சதுக்கத்துக்குப் போனோம். 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் கோபுரத்தை இழந்த பேராலயம், இரும்புச் சாரங்களுக்கும் கம்பித் தடுப்புகளுக்கும் பின்னால், திருப்பணி முடியாமல் நிற்கிறது. அன்று நகரத்தில் இறந்த 185 பேரின் பெயர்களும் ஆற்றங்கரைச் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. இந்தப் பேராலயம் முழுசாக இருந்த 1994 நவம்பரில், அப்ஹாமின் இறுதிச் சடங்கு முழு ராணுவ மரியாதையோடு இங்கே நடந்தது. தெருவோரங்களில் ஐயாயிரம் பேருக்கு மேல் நின்றார்களாம். கூட்டம் என்றாலே ஒதுங்கிப் போனவரை வழியனுப்ப அத்தனை பேர்.

பாப்பநூயி

நகரத்தின் வடக்குப் பகுதி பாப்பநூயி. இங்கே பல தெருக்களில் மரங்களே போர் நினைவுச் சின்னம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்காக நட்ட மரங்கள் இன்று தெருவுக்குப் பந்தல் போட்டிருக்கின்றன. கம்பத்தில் சின்னப் பலகை ஒன்று அதைச் சொல்கிறது. அதன் கீழே சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள், யாரோ நாயை நடத்திக்கொண்டு போகிறார்கள். நினைவுச் சின்னத்துக்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியுமா என்று தோன்றியது.

புனித பவுல் தேவாலயம் 1877-இல் மரத்தால் கட்டியது. பெஞ்சமின் மவுன்ட்ஃபோர்ட் என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம். அதைச் சுற்றிய கல்லறைத் தோட்டத்தில்தான் அப்ஹாம் அடக்கமாகியிருக்கிறார். புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களை அழைத்துப் போனார். "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார். தென்னிந்தியா என்றதும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "உங்கள் ஆட்களும் அந்த மேட்டில் இருந்தார்களே" என்றார்.

அவர் சொன்ன மேடு எகிப்தில், எல் அலமெய்ன் பக்கத்தில் இருக்கும் ரூவைசாத் முகடு. 1942 ஜூலையில் நியூசிலாந்துப் படைகளுக்குப் பக்கத்திலேயே இந்திய ராணுவத்தின் 5-ஆவது பிரிகேடும் அதே முகட்டுக்காகப் போரிட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன 'பாலைவனச் சண்டை'க் கதைகளில் இப்படி ஒரு முகட்டின் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. பூமியின் இந்தக் கோடியில் புல் வெட்டும் ஒருவர் அதை நினைவில் வைத்திருக்கிறார்.

அப்ஹாமின் போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1939 செப்டம்பரில், முப்பது வயதில் படையில் சேர்ந்தார். 1941 மே மாதம் கிரீட் தீவில் ஜெர்மன் பாராசூட் படை இறங்கியபோது அவர் லெஃப்டினன்ட். கடுமையான வயிற்றுப்போக்கு, தோளில் பீரங்கிச் சிதறல், காலில் குண்டு. ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டு, கையெறி குண்டுகளோடு இயந்திரத் துப்பாக்கி நிலைகளை ஒவ்வொன்றாக அடக்கினார். அடிபட்ட சிப்பாய் ஒருவரைக் குண்டுமழைக்குள் சுமந்து வந்தார். அதற்கு முதல் விக்டோரியா கிராஸ். அடுத்த ஆண்டு ரூவைசாத்தில் குண்டு பாய்ந்து கை நொறுங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பவும் தன் கம்பெனியிடமே போனார். கடைசியில் அவரோடு மிஞ்சியது ஆறு பேர். நகர முடியாத நிலையில் சிறைப்பட்டார். அதற்கு இரண்டாவது.

போர்க்கள வீரத்துக்காக 1856-இல் தொடங்கிய அந்தப் பிரிட்டிஷ் விருதை இருமுறை பெற்றவர்கள் மூன்றே பேர். மற்ற இருவரும் ராணுவ மருத்துவர்கள். களத்தில் ஆயுதமேந்திப் பெற்றவர் இவர் ஒருவர்தான். சிறை முகாம்களிலிருந்து தப்பத் திரும்பத் திரும்ப முயன்றதால், கடைசியில் தப்பவே முடியாதது என்று ஜெர்மானியர் நினைத்த கோல்டிட்ஸ் கோட்டைக்கு 1944-இல் அனுப்பப்பட்டார்.

முதல் விருது வந்தபோது அதைத் தன் ஆட்கள் வாங்கியதாகவே அவர் கருதினார். அடக்கத்துக்காகச் சொன்ன பேச்சில்லை. அதன் பிறகு ஐம்பது வருடம் அந்த எண்ணத்தின்படியே வாழ்ந்துகாட்டினார். அதைப் பார்க்கத்தான் நான் வடக்கே போக விரும்பினேன்.

பதக்கங்களின் கதை தனி. அவர் காலத்துக்குப் பின், 2006-இல் மகள்கள் அவற்றைப் பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு விற்றார்கள். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சட்டம் இடம் கொடுக்காததால், வட தீவில் வையூரு ராணுவ அருங்காட்சியகத்திலேயே நிரந்தர இரவலாக வைத்தார்கள். 2007 டிசம்பரில் அங்கே திருட்டுப் போய், இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தன. நாடே பதறியதாம். கல்லறையில் புல் வெட்டியவர் இதைச் சொல்லும்போது சொந்த வீட்டில் களவு போன மாதிரிதான் சொன்னார்.

ஆம்பர்லி

வைமகாரிரி ஆற்றைத் தாண்டும்போது அக்கா மகன் வேகத்தைக் குறைத்தான். ஆறு ஒரே ஓட்டமாக இல்லாமல், கூழாங்கல் பரப்பில் பல இழைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடுகிறது. தண்ணீருக்கு ஒருவிதமான பால்நீலம். இடப்பக்கம் தூரத்தில் பனி போர்த்திய ஆல்ப்ஸ் மலைகள். பிறகு நெடுக மேய்ச்சல் நிலம்.

ஆம்பர்லி ஒரு சின்ன ஊர். கைக்கடிகாரத்தைப் பார்க்காத ஜனங்கள். ஹூருனூயி மாவட்ட மன்ற அலுவலகத்துக்கு வெளியே அப்ஹாமின் வெண்கலச் சிலை நிற்கிறது. உயரமான பீடம், குதிரை, உருவிய வாள் ஒன்றும் கிடையாது. எதிரிலிருப்பதைக் கூர்ந்து பார்க்கிற மனிதர், அவ்வளவுதான். வெளிறிய நீலமான அந்தக் கண்களைத்தான் அவரைச் சந்தித்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்து பேக்கரியில் ஆளுக்கொரு ஆட்டிறைச்சி பை வாங்கினோம். மேலே மொறுமொறுவென்ற அடுக்கு, உள்ளே குழம்பாக வெந்த கறியும் புதினாவும். நமக்கு இன்னும் இரண்டு மிளகாய் கிள்ளிப் போட்டிருக்கலாம் என்று தோன்றும். ஆனாலும் அந்தக் குளிரில் காகிதப் பையின் சூடு உள்ளங்கையில் ஏறுவதே தனி சுகம். அங்கே உட்கார்ந்திருந்த எண்பதைத் தாண்டிய பண்ணைக்காரர் ஒருவர், நாங்கள் சிலையைப் படமெடுத்ததைப் பார்த்துவிட்டுத் தானாகவே பேச வந்தார். அவருடைய அப்பாவும் பாலைவனத்தில் இருந்தவர்.

"போர் பற்றி அப்பா எங்களிடம் பேசியதே இல்லை. வேலி நேராக இருக்க வேண்டும், வாயிற்கதவைத் திறந்தால் மூட வேண்டும், பக்கத்துப் பண்ணையில் ஆள் குறைந்தால் கூப்பிடாமலே போக வேண்டும். இந்த மூன்றையும்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்" என்றார். அப்ஹாமை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். "சார்லி. வேறு எப்படி?" என்றார், என் கேள்வியே புரியாதவராக.

எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போய்வந்தவர் கடைசி வரைக்கும் மிலிட்டரிதான். மிலிட்டரி மாமா, மிலிட்டரி வீடு, மிலிட்டரி தோட்டம். முப்பத்தெட்டு நாற்பது வயதில் பென்ஷனோடு திரும்புவார். மழை பொய்த்த கரிசலில் இரண்டு வருடம் பருத்தி போட்டுப் பார்ப்பார். பிறகு ஏதாவது ஒரு வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு காவலுக்கு நின்றுவிடுவார். மரியாதையாகக் கூப்பிட்டோம், பக்கத்தில் உட்கார்ந்து பேசவோ, திரும்பி வந்தவர் பிழைக்க வழி செய்யவோ ஊராக நாங்கள் முன்வந்ததில்லை. அந்தப் பண்ணைக்காரர் 'சார்லி' என்று சொன்னபோது எங்கள் ஊர் மிலிட்டரி மாமாக்களின் முகங்கள் வரிசையாக வந்து போயின.

இந்தக் கேன்டர்பரி மக்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். போர் முடிந்து அப்ஹாம் திரும்பியதும் ஊர்கூடிப் பணம் திரட்டினார்கள். அவருக்கு ஒரு பண்ணை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பத்தாயிரம் பவுண்டு சேர்ந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அவர் வேண்டாம் என்றார். அவர் விருப்பப்படி அந்தப் பணம், போருக்குப் போய்வந்தவர்களின் பிள்ளைகள் லிங்கனிலும் கேன்டர்பரி பல்கலைக்கழகக் கல்லூரியிலும் படிப்பதற்கான உதவித்தொகையாக மாறியது. அவரோ, திரும்பி வந்த மற்ற சிப்பாய்களைப் போலவே, மறுவாழ்வுத் திட்டத்தில் கடன் வாங்கி நிலம் வாங்கினார். அந்தக் கடனை அடைக்க மற்றவர்களைப் போலவே உழைத்தார்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஊர் கொடுப்பதை மறுப்பது சுலபமல்ல. மறுத்தால் தலைக்கனம் என்பார்கள். இவர் மறுத்தபோது ஊரின் அன்பு வீணாகவில்லை. வேறு நூறு வீடுகளுக்கு வழி திரும்பியது. ரூவைசாத்தில் எதிரி நிலைகளை அடக்கியதைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அங்கே உயிரைப் பணயம் வைத்தார். இங்கே, கைக்கு எட்டிய சௌகரியத்தை, மனைவியும் வரப்போகும் பிள்ளைகளும் அனுபவித்திருக்கக்கூடிய சௌகரியத்தை, மற்றவர் பிள்ளைகளுக்கு மாற்றிவிட்டார்.

அந்த மறுவாழ்வுத் திட்டத்தில் ஒரு குறையும் உண்டு. ஆயிரக்கணக்கான சிப்பாய்களை நிலத்தில் குடியேற்றிய அதே திட்டத்தில், அவர்களோடு தோள்சேர்ந்து போரிட்ட பூர்வகுடி மாவோரி வீரர்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற மனக்குறை இன்றும் இருக்கிறது. கைக்கோரா பகுதியின் நிலமே 1859-இல் ஙாய் தாஹு என்ற மாவோரி மக்களிடமிருந்து வெறும் முந்நூறு பவுண்டுக்கு அரசு வாங்கியது என்பதும் இந்த மண்ணின் வரலாறு.

செவியட்

வைபாராவில் திராட்சைத் தோட்டங்கள். இலைகள் துருவின் நிறத்துக்கு வந்திருந்தன. அதைத் தாண்டினால் மழை குறைந்த குன்றுகள் தொடங்கிவிடுகின்றன. எங்கு பார்த்தாலும் காய்ந்த புல்லின் பழுப்பு. வடமேற்குக் காற்று வீசத் தொடங்கினால் நாள் கணக்கில் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடுமாம். பச்சைப் பசேல் என்று விளம்பரப் படங்களில் பார்த்த நியூசிலாந்து இதில்லை. எனக்கு ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் வந்துவிட்ட உணர்வு வந்தது. குடைவேல மரம் ஒன்றுதான் குறை.

செவியட் வழியாகப் போகும்போது அக்கா மகன் அந்த ஊரின் கதையைச் சொன்னான். எண்பத்து நாலாயிரம் ஏக்கர் ஒரே குடும்பத்திடம் இருந்ததாம். 1893-இல் அரசாங்கம் அதை வாங்கிச் சிறு விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. பெரிய எஸ்டேட் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம், கடைத்தெரு, குடும்பங்கள் என்று ஊர் முளைத்துவிட்டது. "எங்க க்ளாஸ்ல இதை நிலச் சீர்திருத்தத்துக்கு உதாரணமா நடத்துவாங்க மாமா" என்றான்.

பார்னாசஸ் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டுக் கடற்பக்கம் திரும்பினோம்.

கான்வே ஃப்ளாட்

குன்றுகளுக்கும் கடலுக்கும் நடுவே மேடையாகக் கிடக்கும் நிலம். விளிம்பு சட்டென்று செங்குத்தாக முடிந்து, கீழே சாம்பல் நிறக் கூழாங்கல் கரை. சாலையோரம் வீட்டுக்கு வீடு தகரத் தபால்பெட்டி. வீடுகளோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில். கம்பளிக் கொட்டகை ஒன்றின் வாசலில் நின்று பார்த்தேன். பலகைத் தரை ஆட்டுக் கம்பளியின் எண்ணெய் ஊறி ஊறி, மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாகிவிட்டிருந்தது. கத்தரிப்பவர் சாய்ந்து நிற்கும் இடத்தில் மரத்தூண் இடுப்புயரத்தில் தேய்ந்து உட்குழிந்திருந்தது. ஒரு ஆட்டைப் பின்புறத்தில் உட்கார வைத்து, முழங்காலுக்கிடையே பிடித்து, வயிற்றில் தொடங்கி ஒரே விரிப்பாகக் கம்பளியை எடுப்பார்கள். இரண்டு கையும் சரியாக இருப்பவர்களுக்கே முதுகு ஒடியும் வேலை.

அப்ஹாம் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஒரு கை சரியாக இல்லை. சிறையில் இத்தாலிய மருத்துவர் கையை எடுத்துவிட வேண்டும் என்றபோது சம்மதிக்காமல் காப்பாற்றிக்கொண்ட கை அது. அந்தக் கையோடுதான் இந்த நிலத்தைப் பண்படுத்தினார், ஆடும் மாடும் வளர்த்தார். 1945 ஜூனில் இங்கிலாந்தில் திருமணம் செய்துகொண்ட மாலி அவரோடு வந்தார். மாலி வழியில், விக்டோரியா கிராஸை இருமுறை பெற்ற இன்னொருவரான நோயல் சாவாஸ் தூரத்து உறவு என்பது ஆச்சரியமான பொருத்தம். மூன்று பெண் பிள்ளைகள், அதில் இருவர் இரட்டையர். 1994 தொடக்கத்தில் உடம்புக்கு முடியாமல் கிரைஸ்ட்சர்ச்சுக்குப் போகும் வரை இந்த நிலத்திலேயே இருந்தார். சர் பட்டம் தர வந்தார்கள், மறுத்தார். பத்திரிகைக்காரர்களைப் பார்க்கப் பிடிக்காது. தான் படித்த பள்ளியின் நிர்வாகக் குழுவில் மட்டும் இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைய வேலை பார்த்தார். பிள்ளைகளின் படிப்பு என்றால் அவர் வெளியே வந்துவிடுவார்.

அவரை முழுக்கச் சாந்தமான மனிதராக்கிவிடக் கூடாது. பேச்சில் கெட்ட வார்த்தை தாராளமாக வரும். ஜெர்மன் வண்டி எதுவும் தன் நிலத்துக்குள் நுழையக் கூடாது என்பதில் கடைசி வரை பிடிவாதம். போரை வெளியே பேசாவிட்டாலும் அது அவருக்குள் முடியவில்லை என்பது இதில் தெரிகிறது. அதோடுதான் அந்த வீடும் வாழ்ந்திருக்கும். பதக்கம் வாங்கியவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்பதை நாம் அதிகம் கேட்பதில்லை. எங்கள் ஊர் மிலிட்டரி வீட்டு அத்தைகளிடம் நாங்களும் கேட்டதில்லை.

நான்கு சக்கர பைக்கில் இரண்டு நாய்களோடு வந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்து நிறுத்தினார். வழி தவறிவிட்டோம் என்று நினைத்திருப்பார். அப்ஹாம் பெயரைச் சொன்னதும் சிரித்தார். பண்ணை எது என்று சுட்டிக்காட்டவில்லை. "இங்கே எல்லோரும் குடித்தனம் நடத்துகிறார்கள், வீட்டுக்குள்ளே போய்ப் பார்க்க ஒன்றுமில்லை" என்றார், அதே சிரிப்போடு. அப்ஹாம் இருந்தபோதும் இந்தப் பக்கத்து ஜனங்கள் இப்படித்தான் வேலி கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். என் மனம் அதில் நிறைந்தது. கிளம்பும்போது பைக்கின் முன்கூடையிலிருந்து ஒரு பை நிறைய வால்நட் எடுத்துக் கொடுத்தார். அவர் தோட்டத்தில் அந்த வாரம் உதிர்ந்தவை. பச்சைத் தோலின் கறை என் விரல்களில் ஊர் திரும்பும் வரை இருந்தது.

கைக்கோரா

ஹண்டலிக் குன்றுகளில் வளைந்து வளைந்து இறங்கினால் ஓவாரோவில் கடல் திறந்துகொள்கிறது. அங்கிருந்து சாலை, ரயில் பாதை, பாறை, அலை நான்கும் ஒன்றையொன்று ஒட்டியே போகின்றன. பாறைகளில் சீல்கள் படுத்துக்கிடந்தன. கரையோரம் தண்ணீருக்கு மேலே வெளுத்துத் தெரிந்த பாறைகளைக் காட்டி அக்கா மகன், "இதெல்லாம் கடலடியில இருந்தது மாமா" என்றான். 2016 நவம்பர் 14 நள்ளிரவுக்குப் பின் வந்த 7.8 அளவு நிலநடுக்கம் கடலடியையே தூக்கிவிட்டது. நாங்கள் கடந்துவந்த ஹண்டலியின் பெயர் கொண்ட நிலப்பிளவும் அன்று நகர்ந்தவற்றில் ஒன்று. வடக்கே நெடுஞ்சாலை திறக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கடலோரத் தள்ளுவண்டிக் கடையில் சிங்கி இறால் வாங்கினோம். பாதியாகப் பிளந்து, பூண்டு வெண்ணெய் தடவி, தட்டுக்கல்லில் சுட்டுத் தருகிறார்கள். எலுமிச்சையைப் பிழிந்துகொண்டு கையாலேயே சாப்பிட வேண்டும். தூத்துக்குடியில் சாப்பிட்ட சிங்கியைவிட இது கொஞ்சம் இனிப்பு. கடைக்கார அம்மா மாவோரி. நிலநடுக்கத்தின்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதும் சட்டுவத்தைக் கீழே வைத்துவிட்டார்.

ஊருக்கு வரும் சாலை எல்லாப் பக்கமும் மூடிக்கொண்டது. நூற்றுக்கணக்கான வெளிநாட்டுப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். மேட்டிலிருந்த தாகஹங்கா மராயே, மாவோரி மக்களின் சமுதாயக் கூடம், கதவைத் திறந்துவிட்டது. மின்சாரம் இல்லாததால் கெட்டுப்போகவிருந்த சிங்கி இறால் எல்லாம் அந்த அடுக்களைக்கு வந்துசேர்ந்தது. "மூன்று வேளையும் சிங்கி. ஜனங்கள் போதும் போதும் என்றார்கள்" என்று சொல்லிச் சிரித்தார். அவரும் அந்த அடுக்களையில் நின்றவர். பிறகு கேன்டர்பரி என்ற கடற்படைக் கப்பல் வந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு போனது.

அந்தக் கப்பலின் பெயரைக் கேட்டதும் அக்கா மகன் என்னைப் பார்த்தான். ஆளும் சரக்கும் ஏற்றும் கப்பல் வேண்டும் என்று நியூசிலாந்துக் கடற்படை 1994-இல் ஒன்றை வாங்கி, அதற்குச் சார்ல்ஸ் அப்ஹாம் என்று பெயர் வைத்திருந்தது. அலையில் அளவுக்கு மீறி உருண்டதால் அது சரிப்பட்டு வரவில்லை, 2001-இல் விற்றுவிட்டார்கள். அந்த வேலையைச் செய்யப் பின்னால் வந்ததுதான் கேன்டர்பரி. 2016-இல் அது வந்து நின்றது அப்ஹாமின் பண்ணையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் இந்தக் கடலில், அவருடைய பக்கத்து ஊர்க்காரர்களுக்காக.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டார். பிறகு, சார்லி வீட்டுப் பக்கத்துச் சாலைகளிலும் அன்று மண் சரிந்து பண்ணைகள் தனித்துப் போனதையும், ஹெலிகாப்டரில் சாமான் போனதையும் சொல்லிக்கொண்டே அடுத்த இறாலைக் கல்லில் போட்டார். அக்கா மகன் வால்நட் பையைப் பிரித்து அவருக்கு இரண்டு கை அள்ளிக் கொடுத்தான். கான்வே ஃப்ளாட் காயா என்று கேட்டு ஒன்றை அங்கேயே உடைத்தார். நாங்கள் அடுத்துப் போகவிருந்த பிளென்ஹைமுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும், இருட்டுமுன் கிளம்புங்கள் என்று எங்களை விரட்டினார்.